ஆற்றுவெள்ளக் கணிப்பில் எல்லை நிபந்தனைகள்: முக்கொம்பு முதல் கல்லணை வரை

பாய்ம ஓட்டத்தைக் கணினியில் எண்முறையாகக் கணிக்கும்போது, கணக்கில் எடுத்துக்கொண்ட பகுதியின் விளிம்புகளில் என்ன நடக்கிறது என்பதைக் கணிப்பவரே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அவ்வாறு சொல்லப்படுபவை எல்லை நிபந்தனைகள். ஆறுகளுக்கும் கால்வாய்களுக்கும் பயன்படும் செயின்ட் வெனான் சமன்பாடுகள் (1871) நீர் நகரும் பொது விதியை மட்டுமே தருகின்றன. எவ்வளவு நீர் வருகிறது, எங்கே தடுக்கப்படுகிறது, எப்படி வெளியேறுகிறது என்பதை அவை அறியா.

பாடநூல்களில் இப்பகுதி பெரும்பாலும் நேரான குழாயைக் கொண்டே விளக்கப்படுகிறது. நுழைவாயிலில் வேகம், வெளிவாயிலில் அழுத்தம், சுவரை ஒட்டிய நீருக்கு வேகம் சுழி என மூன்று வரிகளில் முடிந்துவிடும். குழாயின் விளிம்பு எது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆற்றில் விளிம்பை எங்கே வெட்டுவது என்பதே முதல் கேள்வி. இதற்கு ஸ்ரீரங்கம் தீவைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஸ்ரீரங்கத்தைச் சுற்றிய நீர்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடமும் தெற்கே காவிரியும் ஓட, இடையில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் அமைந்துள்ளன. கிழக்கே கல்லணைக்கருகில் இரு ஆறுகளும் மீண்டும் நெருங்குகின்றன. கொள்ளிடம் தாழ்வாகவும் சரிவாகவும் இருந்ததால் நீர் அதன் பக்கமே மிகுதியாகச் சென்றது. தஞ்சைப் பாசனம் நலிந்தது. இதைத் தடுக்கவே ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். அதன்பின் காவிரியில் நீர் பெருகி அதன் படுகை அரிக்கத் தொடங்கியதால், அணையின் அமைப்பில் திருத்தங்கள் தேவைப்பட்டன. எல்லையை ஓரிடத்தில் மாற்றினால் ஆற்றின் படுகையே மாறும் என்பதற்கு இது சான்று.

முதற் குறை: விடையை எல்லையில் எழுதிவிடுதல்

ஸ்ரீரங்கத்தின் வடகரைக்கு வெள்ள வரைபடம் தயாரிப்பதாகக் கொள்வோம். எளிய வழி, மாதிரியை முக்கொம்புக்குக் கீழே தொடங்கி, கொள்ளிடத்துக்கு இத்தனை பங்கு, காவிரிக்கு இத்தனை பங்கு என நிலையாகக் கொடுத்துவிடுவது. மதகுகளை இயக்கிக் குறித்த அளவு நீர் திறக்கும் நாட்களுக்கு இது பொருந்தும். வெள்ளத்தின்போதோ அந்தப் பங்கீடுதான் கண்டறிய வேண்டிய விடை. கேள்வியையே விடையாகக் கொடுத்துவிட்டு, கணினி அதை வண்ணப்படமாகத் திருப்பித் தரும்போது புதிய செய்தியாக ஏற்பது தவறு. மாதிரியின் மேல் எல்லை, பிரிவுக்கு மேலே, ஒரே ஆறாக ஓடும் இடத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாம் குறை: கீழ் எல்லையை அருகில் வைத்தல்

மெதுவாகவும் ஆழமாகவும் ஓடும் நீரில் கீழே ஏற்படும் தடையின் விளைவு மேல்நோக்கியும் பரவும். அதனால் மேல் விளிம்பில் ஒன்றும் கீழ் விளிம்பில் ஒன்றுமாக இரண்டு நிபந்தனைகள் தேவை. விரைந்து பாயும் நீரில் கீழிருந்து செய்தி மேலே ஏறாது. இரண்டையும் மேலேயே தர வேண்டும். இவ்வேறுபாட்டைக் கவனியாமல் நிபந்தனை தந்தால், இல்லாத அலைகள் விளிம்பில் மோதித் திரும்பி விடையைக் கெடுக்கும்.

கீழ் விளிம்பை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நீரின் ஆழம் 3 மீட்டர், படுகைச் சாய்வு 2000-க்கு 1 என்று கொண்டால், 3 × 2000 = 6000 மீட்டர். அதாவது, கீழ் விளிம்பில் ஊகித்த நீர்மட்டத்தின் பிழை சுமார் 6 கிலோமீட்டர் வரை மேலே எட்டக்கூடும். ஆகவே ஸ்ரீரங்கத்தை ஆராய்பவர் மாதிரியை ஊரின் கிழக்கு ஓரத்தில் முடிக்கக் கூடாது. காவிரிக் கிளையை, மதகுகளே மட்டத்தை ஆளும் கல்லணை வரை கொண்டுசெல்வது இயல்பு. கொள்ளிடக் கிளையை அதற்கும் கீழே நீட்ட வேண்டும்.

மூன்றாம் குறை: கட்டுமானம் நிற்கும் என்ற நம்பிக்கை

அணையும் மதகும் மாதிரியின் உள்ளேயே இருக்கும் எல்லைகள். ஷட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கொண்டு நீரின் அளவு சூத்திரத்தால் கணிக்கப்படுகிறது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 ஷட்டர்கள் இடிந்து விழுந்தன. மணல் மூட்டைகளும் பாறைகளும் கொண்டு தற்காலிகத் தடுப்பு அமைக்க நேர்ந்தது. பின்னர் புதிய கதவணை கட்டப்பட்டது. ஷட்டர் சூத்திரத்தை மட்டும் நம்பிய எந்த மாதிரியும் அன்றிரவு, இல்லாத கதவுகளின் வழியே நீரைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். சமன்பாட்டில் பிழை இராது, எல்லைதான் பொய்யாகியிருக்கும். படுகைக்கும் இது பொருந்தும். மணல் அள்ளப்பட்ட ஆற்றில் பழைய குறுக்குவெட்டு அளவுகளைப் பயன்படுத்துவது, இன்று இல்லாத ஆற்றைக் கணிப்பதாகும்.

மதிப்பீடு

அளவீடுகள் குறைவாக உள்ள இடத்தில் ஊகம் தவிர்க்க முடியாதது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஊகித்ததை மறைப்பதே குறை. கரடுத்தன்மைக் கெழுவை மாற்றி மாற்றி, ஓரிடத்தின் நீர்மட்டத்தோடு விடையைப் பொருத்திவிட்டால் எல்லைப் பிழை வெளியே தெரியாது. அடுத்த வெள்ளத்தில்தான் தெரியவரும்.

மாணவர்கள் மூன்று சோதனைகளைச் செய்து பார்க்கலாம். கீழ் விளிம்பின் நீர்மட்டத்தை அரை மீட்டர் ஏற்றியும் இறக்கியும், ஆராயும் இடத்தில் விடை மாறுகிறதா என்று காண வேண்டும். உள்ளே வந்த நீர், வெளியேறிய நீரும் தேங்கிய நீரும் சேர்ந்த அளவுக்குச் சமமா என்று சரிபார்க்க வேண்டும். சில ஷட்டர்கள் இல்லை எனக் கொண்டும் ஒருமுறை கணிக்க வேண்டும். கொள்ளிடக் கரையில் வீடு கட்டுபவர் வெள்ள வரைபடத்தின் வண்ணத்தை மட்டுமே பார்ப்பார். அந்த வண்ணம் எந்த எல்லைகளை நம்பித் தீட்டப்பட்டது என்பதை வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதிவைப்பது தயாரிப்பவரின் கடமை.