பெயரைக் கொடுத்த பிறகும்

2018 ஜூன் 17 அன்று, பிரெஸ்பா ஏரிக்கரையில் உள்ள ப்சராதெஸ் என்ற சிற்றூரில் கிரீஸ், மாசிடோனியா ஆகிய இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மாசிடோனியா தன் பெயரை 'வட மாசிடோனியா' என்று மாற்றிக்கொள்ளும். அது நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்வதை கிரீஸ் இனித் தடுக்காது. 27 ஆண்டுப் பூசலுக்கு அன்று முடிவு கட்டப்பட்டது. நேட்டோ 2020 மார்ச்சில் அந்த நாட்டைச் சேர்த்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அது விண்ணப்பித்ததோ 2004இல். இருபது ஆண்டு கடந்தும் வாசலிலேயே நிற்கிறது.

இதற்குக் காரணமாக அமைந்த விதி எளிமையானது. ஒன்றிய உடன்படிக்கையின் 49ஆம் பிரிவின்படி, புதிய நாட்டைச் சேர்க்க எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். நடைமுறையில் அந்த ஒருமனச் சம்மதம் கடைசி முடிவுக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. சேர்க்கைப் பேச்சைத் தொடங்க, அந்தப் பேச்சின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் திறக்க, மூட என்று படிக்குப் படி தேவைப்படுகிறது. பிரான் வளைகுடா எல்லைத் தகராறை வைத்து ஸ்லோவேனியா குரோஷியாவை ஏறத்தாழ ஓராண்டு நிறுத்தி வைத்ததும் இந்த வழியில்தான்.

இந்த விதியை ஒரேயடியாகத் தூக்கி எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிரீஸின் அச்சத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கிரீஸின் வடபகுதிக்கே மாசிடோனியா என்றுதான் பெயர். 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த அண்டை நாடு அதே பெயரைச் சூடியது. பண்டை மாசிடோனிய அரச குலத்தின் பதினாறு கதிர்ச் சூரியனைக் கொடியிலும் வைத்தது. 1995இல் கொடி மாறியது. ஆனால் பிரதமர் நிகோலா குருயெவ்ஸ்கியின் ஆட்சியில், 2011இல், தலைநகர் ஸ்கோப்யேவின் நடுச் சதுக்கத்தில் அலெக்சாண்டரை நினைவூட்டும் மாபெரும் குதிரைவீரன் சிலை எழுந்தது. இதையெல்லாம் கிரேக்கர்கள் தங்கள் வரலாற்றின் மீதான உரிமைக்கோரலாகவே பார்த்தார்கள். தடுக்கும் அதிகாரம் கையில் இல்லாதிருந்தால் அவர்களின் குறையைக் காதுகொடுத்துக் கேட்க பிரஸ்ஸல்ஸில் யாரும் முன்வந்திருக்க மாட்டார்கள். ஒன்றியத்தில் சேரும் ஆசையும், சேரவிடாமல் செய்யும் அதிகாரமும் சேர்ந்துதான் மாசிடோனியப் பிரதமர் ஸோரான் ஸாயெவையும் கிரேக்கப் பிரதமர் அலெக்சிஸ் சிப்ராஸையும் மேசைக்கு இழுத்து வந்தன. பெரும்பான்மை வாக்கெடுப்பு என்ற முறை இருந்திருந்தால் பிரெஸ்பா நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இந்த அதிகாரத்துக்குச் சட்ட வரம்பும் இருந்தது. 2008இல் நேட்டோவின் அழைப்பை கிரீஸ் தடுத்தது இரு நாடுகளும் 1995இல் செய்துகொண்ட இடைக்கால உடன்பாட்டை மீறிய செயல் என்று, 2011இல் சர்வதேச நீதிமன்றம் 15க்கு 1 என்ற வாக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பால் நடைமுறையில் எதுவும் அசையவில்லை.

பிரெஸ்பாவுக்கு ஸ்கோப்யே கொடுத்த விலை சிறியதன்று. 2018 செப்டம்பர் கருத்து வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆம் என்றார்கள். ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் ஏறத்தாழ 37 சதவீதம் மட்டுமே. பாதிக்கு மேற்பட்டோர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அந்த மனக்கசப்பையும் மீறி, 120 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 81 வாக்குகளைத் திரட்டி ஸாயெவ் பெயரை மாற்றினார். அவர் தம் மக்களிடம் சொன்னது ஒன்றே: இதைச் செய்தால் கதவு திறக்கும். 2019 அக்டோபரில் அந்தக் கதவைச் சாத்தியவர் பிரான்ஸ் அதிபர் மக்ரோன். சேர்க்கை முறையே சரியில்லை, முதலில் அதைத் திருத்த வேண்டும் என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் பொருள் இருக்கலாம். ஒரு நாடு தன் பெயரையே கொடுத்த பிறகு அதைச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து வந்தது பல்கேரியா. 2020 நவம்பரில் அது எழுப்பிய தடை வேறு வகையைச் சேர்ந்தது. 1992இல் மாசிடோனியாவை முதலில் அங்கீகரித்த நாடே பல்கேரியாதான். ஆனால் அங்கீகரித்தது நாட்டை மட்டும். மாசிடோனிய மொழி பல்கேரிய மொழியின் வட்டார வழக்கு என்பதும், இரு மக்களின் வரலாறும் ஒரே வேரிலிருந்து கிளைத்தது என்பதும் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவின் நிலைப்பாடு. சண்டையின் மையத்தில் நிற்பவர் 1903இல் ஒட்டோமான் படையோடு மோதி இறந்த புரட்சியாளர் கோட்செ தெல்செவ். அவர் பிறந்த ஊர் இன்று கிரீஸில் இருக்கிறது. சோஃபியாவில் இருந்த அவருடைய எலும்புகள் 1946இல் ஸ்கோப்யேவுக்கு அனுப்பப்பட்டு, ஸ்வெதி ஸ்பாஸ் தேவாலய முற்றத்தில் வைக்கப்பட்டன. இரண்டு நாடுகளும் அவரைத் தங்கள் வீரராகவே கொண்டாடுகின்றன. அவர் யாருக்குச் சொந்தம் என்பதை 2017 நட்பு ஒப்பந்தத்தின்கீழ் அமைந்த வரலாற்று அறிஞர்களின் கூட்டுக் குழு பேசித் தீர்க்க வேண்டும் என்றார்கள். வரலாற்று அறிஞர்கள் பேசட்டும், நல்லதுதான். ஆனால் அவர்களின் முடிவு ஒரு நாட்டின் ஒன்றியச் சேர்க்கைக்குத் தவணை குறிக்கும்போது அது ஆராய்ச்சியாக இருப்பதில்லை, பேரமாகிவிடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது மாசிடோனியாவின் பெரும்பகுதியை ஆக்கிரமித்திருந்தது பல்கேரிய நிர்வாகம். 1943 மார்ச்சில் அங்கிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் டிரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அந்த ஆட்சியை நினைவுக் கல்லில் எப்படிக் குறிப்பிடுவது என்பதும் பேரத்துக்குள் வந்ததை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

பல்கேரியாவிடம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வட மாசிடோனியாவில் தம்மைப் பல்கேரியர் என்று சொல்லிக்கொள்பவர்கள் இழிவுபடுத்தப்படுகிறார்கள் என்ற புகார் கவனிக்க வேண்டியது. சிறுபான்மையினர் பாதுகாப்பு 1993 முதலே ஒன்றியத்தின் பொது நிபந்தனை. அதன் அடிப்படையில் கேட்டால் யாரும் மறுக்க முடியாது. மொழியும் மூதாதையும் அந்த நிபந்தனைப் பட்டியலில் இல்லை. சிறுபான்மையினர் கோரிக்கையும் வரலாற்றுப் பூசலும் 2022இல் ஒன்றாகக் கட்டப்பட்டன. பிரான்ஸ் முன்வைத்த சமரசத்தின்படி, அரசியலமைப்பில் பல்கேரியர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்தால்தான் பேச்சின் அடுத்த கட்டம். 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே பல்கேரியர்கள் 3,504 பேர்; மொத்த மக்கள் பதினெட்டு லட்சத்துக்கும் மேல். அவர்களைச் சேர்ப்பதில் எனக்குத் தடையேதும் தெரியவில்லை. ஆனால் ஓர் அண்டை நாட்டின் உள்நாட்டுக் கோரிக்கை 27 நாடுகளின் நிபந்தனையாக உருமாறிவிட்டது. நாளை இன்னொரு கோரிக்கை இதே போல் வராது என்று ஒன்றியத்தில் யாரும் உறுதி சொல்லவில்லை.

இறுதிச் சேர்க்கைக்கு எல்லோருடைய சம்மதமும் இருக்கட்டும். இடைப்படிகளுக்குப் பெரும்பான்மை போதும் என்ற யோசனை ஒன்றியத்துக்குள்ளேயே பேசப்படுகிறது. எனக்கு அது சரியாகப் படுகிறது. கிரீஸுக்கு இருந்தது போன்ற ஒரு பெரிய குறையை ஒருமுறை முன்வைக்க அது இடம் தரும். படிக்கு ஒரு விலை கேட்பது நின்றுபோகும். இந்த மாற்றத்துக்கும் எல்லா நாடுகளும் சம்மதிக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

அரசியலமைப்பைத் திருத்த ஸ்கோப்யேவில் 80 வாக்குகள் வேண்டும். 2024 மே மாதத் தேர்தலில் வென்ற கட்சி அதற்கு இணங்கவில்லை. அதன் ஆதரவோடு வந்த புதிய அதிபர் கோர்தானா சில்யானோவ்ஸ்கா, பதவியேற்பின்போது நாட்டின் பெயரிலிருந்து 'வட' என்பதை விட்டுவிட்டார். கிரேக்கத் தூதர் வெளியேறினார். 2019இல் நம்பியவர்களை ஏமாற்றியதன் விளைச்சலாகவே இதைப் பார்க்கிறேன். 2024 இலையுதிர்காலத்தில், அதுவரை ஒரே வரிசையில் நின்ற அல்பேனியாவைத் தனியே பிரித்து அதனோடு பேச்சின் அத்தியாயங்களைத் திறக்கத் தொடங்கியது ஒன்றியம். வட மாசிடோனியப் பிரதமர் ஹிரிஸ்தியான் மிட்ஸ்கோஸ்கி ஒரு வழி சொன்னார்: திருத்தத்தை இப்போதே நிறைவேற்றுகிறோம், ஒன்றியத்தில் சேரும் நாளில் அது நடைமுறைக்கு வரட்டும். ஒருமுறை பெயரை முன்பணமாகக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நாடு இப்படிக் கேட்பதில் என்ன தவறு? சோஃபியா முடியாது என்றது. பிரஸ்ஸல்ஸும் அதை ஏற்கவில்லை.