சான்றும் புனைவும்: 'பிளின்ற்' தொலைக்காட்சிப் படம் பற்றிய ஒரு நோக்கு

உண்மையில் நடந்தவற்றை நடிகரைக் கொண்டு மீள நிகழ்த்திக் காட்டும் விவரண நாடகம், தொலைக்காட்சி என்னும் சாதனத்தோடு ஒட்டி வளர்ந்த ஒரு வடிவமாகும். செய்திக்குரிய நம்பகத்தையும் நாடகத்துக்குரிய உணர்ச்சியையும் அது ஒருங்கே உரிமை கோருகின்றது. இவ்விரட்டை உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்ற வினாவைக் கூர்மையாக எழுப்புவது, ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து நகரொன்றின் குடிநீர் நஞ்சான கதையைக் கூறும் 'பிளின்ற்'. 2017 ஒக்டோபர் 28 இல் 'லைஃப்ரைம்' அலைவரிசையில் ஒளிபரப்பாகிய இதனை நெறிப்படுத்தியவர் புறூஸ் பெரஸ்ஃபோட். எழுதியவர் பார்பரா ஸ்ரெபான்ஸ்கி. 'ரைம்' சஞ்சிகை 2016 இல் வெளியிட்ட முகப்புக் கட்டுரையே இதன் மூலம்.

படத்தை மதிப்பிடுமுன் நிகழ்ச்சியின் அடிப்படைகளை அறிதல் வேண்டும். பிளின்ற், மோட்டார் வாகனக் கைத்தொழிலால் எழுந்து, அக்கைத்தொழில் விலகியதால் நலிந்த நகரம். அக்காலத்தில் அங்கிருந்த ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். ஐந்தில் இருவர் வறியவர். நகரின் நிதி முறிந்தபோது, மக்கள் தெரிந்தெடுத்த நகரசபைக்கு மேலாக, ஆளுநர் நியமித்த அவசர முகாமையாளரே அதிகாரம் செலுத்தினார். இத்தகைய முகாமையாளரை அனுமதித்த சட்டத்தை மிச்சிகன் வாக்காளர் 2012 நவம்பரில் நிராகரித்தனர். சில வாரங்களுள் அதனையொத்த வேறொரு சட்டம் நிறைவேற்றப்பட்டது. செலவைக் குறைக்கும் பொருட்டு, 2014 ஏப்ரில் 25 இல் டெற்றோயிற் நகரிலிருந்து பெற்ற நீர் நிறுத்தப்பட்டு பிளின்ற் ஆற்று நீர் குழாய்களில் விடப்பட்டது. குழாய்களை அரிப்பிலிருந்து காக்கும் பொசுபேற்று அதில் சேர்க்கப்படவில்லை. பழைய குழாய்களின் உட்புறத்தே படிந்திருந்த காப்புப் படை கரையவே, ஈயம் நீரிற் கலந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில், இந்நீர் இயந்திரப் பாகங்களை அரிக்கின்றது என்று கூறி ஜெனரல் மோட்டோர்ஸ் தனது எஞ்சின் தொழிற்சாலைக்கு வேறு நீரைப் பெற்றுக்கொண்டது. இரும்புக்கு ஒவ்வாத நீரை மனிதர் அதற்குப் பின்னரும் ஓராண்டு குடித்தனர். எந்த நாடகாசிரியனும் புனையத் துணியாத முரண் இது.

படம் இவ்வரலாற்றைச் சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் நோக்குகின்றது. பெண்களுக்கான குடும்பக் கதைகளுக்குப் பேர்போன அலைவரிசையில் வந்தமையால், ஓர் அரசியற் குற்றத்தைத் தாய்மார் கண்ணீராகச் சுருக்கிவிட்டது என்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்குதல் தகாது. நீரின் நிறத்தையும் நாற்றத்தையும் பிள்ளைகளின் தோலில் எழுந்த தடிப்பையும் முதலிற் கண்டவர்கள் வீட்டுப் பெண்களே. அவர்களது அறிவை அதிகாரிகள் அலட்சியம் செய்ததற்கு, அது வீட்டிலிருந்து வந்த அறிவு என்பதும் ஒரு காரணம் எனலாம். ஆகவே இங்கு குடும்பச் சூழல் அரசியலை மறைக்கும் திரையன்று. அரசியல் நிகழ்ந்த களமே அதுதான்.

பெற்சி பிராண்ட் ஏற்ற லீஆன் வோல்ரேர்ஸ் பாத்திரம் இதற்குத் தக்க சான்று. மெய்யான வோல்ரேர்ஸின் வீட்டு நீரில் 2015 பெப்ரவரியில், நூறு கோடிப் பங்கு நீருக்கு 104 பங்கு ஈயம் இருந்தது; அடுத்த மாதம் 397. நடவடிக்கை எடுக்கவேண்டிய எல்லையோ 15. வீட்டுக் குழாய்களே காரணம் என்று அவருக்குக் கூறப்பட்டது. அவ்வீட்டுக் குழாய்களோ பிளாஸ்ரிக்கினால் ஆனவை. வேர்ஜீனியாத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்து மார்க் எட்வேட்ஸ் பின்னர் சோதித்தபோது ஒரு மாதிரி 13,000 ஐயும் தாண்டியது. 5,000 ஐ எட்டினாலே அது அபாயக் கழிவு எனப்படும். அரச தரப்பின் கணக்கிலோ, வோல்ரேர்ஸ் வீட்டு மாதிரி உட்பட இரண்டு மாதிரிகள் நீக்கப்பட்டு, நகரின் அளவு 11 என எல்லைக்குள் அடக்கப்பட்டது. நகரமக்கள் 300 சோதனைப் பொதிகளைப் பெற்று, வீடு வீடாகச் சென்று நீர் சேகரித்து, 250க்கும் மேற்பட்டவற்றைத் திருப்பி அனுப்பியது இதன் பின்னரே. கூக்குரலிட்டவர்களாக மட்டுமன்றி அளந்தவர்களாகவும் பிளின்ற் மக்கள் நின்றமைதான் இப்போராட்டத்தின் தனித்தன்மை.

இவ்விடத்தில் இப்சனின் 'மக்கள் பகைவன்' (1882) நாடகத்தை நினைவுகூர்தல் பொருந்தும். நீராடு தலத்தின் நீர் மாசுற்றதைக் கண்டறியும் வைத்தியர் தனித்து நிற்கிறார்; ஊர்ப் பெரும்பான்மை அவரைத் தூற்றுகின்றது. இதனையே சத்யஜித் ராய் 1989 இல் 'கணசத்ரு' எனக் கோயிற் புனித நீரின் கதையாக மாற்றினார். இரண்டிலும் உண்மை படித்த தனிமனிதனின் சொத்து. பிளின்ற்றில் நிலைமை தலைகீழ். உண்மை ஊராரிடம் இருந்தது. படித்த ஒருவர் வந்து அதனை மீளக் கூறும்வரை அது உண்மையாக ஏற்கப்படவில்லை. 2015 செப்ரெம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அற்றிஷா, ஐந்து வயதுக்குட்பட்டோரில் குருதியில் ஈயம் மிகுந்தவர் விகிதம் ஏறத்தாழ இருமடங்காகியதை வெளியிட்டார். அவரது புள்ளிவிவரங்களைக்கூட அரச பேச்சாளர்கள் முதலிற் குறைகூறினர். ஒக்டோபர் 16 இல் நகர் மீண்டும் டெற்றோயிற் நீருக்குத் திரும்பியது. உண்மை யாருடையது என்பதில் இப்சனிலிருந்து விலகி நிற்பது படத்தின் வலிமை. அதன் பாரம் பெண்கள் பலரின் மீது பகிரப்பட்டுள்ளது; தனியொரு வீரநாயகிக்கு அது இடந்தரவில்லை.

எனினும் பாரத்தைப் பகிர்ந்த முறையிலேயே பெருங்குறையும் தோன்றுகின்றது. முதன்மைப் பெண்கள் நால்வரில் வோல்ரேர்ஸ், மெலிசா மேய்ஸ், நயீரா ஷரீஃப் ஆகிய மூவர் மெய்யானவர்கள், மெய்ப்பெயரோடே வருகின்றனர். குயீன் லற்றீபா நடித்த ஐசா பாங்ஸ் மட்டும் பலரது அனுபவங்களைச் சேர்த்துப் புனைந்த பாத்திரம். நடிகர் குழுவில் மிகப் புகழ்பெற்றவருக்குக் கிடைத்தது, இல்லாத ஒரு பெண்ணின் வாழ்க்கை. பல்லாயிரவர் துயரை ஒருவரில் திரட்டுவது நாடகத்துக்கு வழமையான உத்தியே. 'உங்களிடம் சான்று எங்கே' என்ற கேள்வியாலேயே ஓராண்டுக்கு மேலாக வாயடைக்கப்பட்ட மக்களின் கதையில், சான்றுள்ளவரோடு சான்றற்றவரை வேறுபாடு தெரியாவண்ணம் கலந்து வைப்பது வேறு விடயம். படத்தை மறுக்க விரும்புபவனுக்கு அது ஒரு கைப்பிடியைக் கொடுக்கின்றது. அதனினும் மோசம், பெயர் சொல்லி நிறுத்தத்தக்க கறுப்பினப் பெண்கள் அந்நகரில் எத்தனையோ பேர் இருந்தபோது, அவர்களது இடத்தைப் புனைவு பிடித்துக்கொண்டமை. பாத்திரங்களையெல்லாம் புனைபெயரில் அமைத்திருப்பின் அது நேர்மையான நாடகமாகியிருக்கும். எல்லோரையும் மெய்ப்பெயரில் நிறுத்தியிருப்பின் நேர்மையான விவரணமாகியிருக்கும்.

ஒரு மாலைப்பொழுதுக்குள் முடியவேண்டிய படத்துக்கு, முடியாத நிகழ்ச்சியொன்று கருவானமையும் இடர்ப்பாடே. ஒளிபரப்பின் பின் ஆண்டுகள் பல சென்றன. உயர் அதிகாரிகள் மீதான குற்றவழக்குகள் 2023 இல் எவருக்கும் சிறையின்றி முடிவுற்றன. ஈயக் குழாய்களை மாற்றும் பணி 2025 வரை இழுபட்டது. 2021 இல் நீதிமன்றம் 62 கோடி 60 இலட்சம் டொலர் இழப்பீட்டு உடன்பாட்டை ஏற்றது. பெரும்பங்கு சிறுவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. உயர்ந்த தொகையைக் கோருவோரில் பலர் தம் குருதியிலோ எலும்பிலோ ஈயம் இருந்ததற்கான சோதனை முடிவைச் சமர்ப்பிக்கவேண்டியிருந்தது.