தாயைக் கணக்கில் சேர்க்காத ஆராய்ச்சி

கர்ப்ப காலத்தில் கொக்கேயின் உட்கொண்ட பெண்களின் குழந்தைகளைக் குறித்து 1980-களில் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுப்பிய கூக்குரல் பெரும்பாலும் மிகை என்பது, டெபோரா ஃப்ராங்க் குழுவினர் ஆறு வயது வரையிலான குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைச் சலித்தெடுத்து 2001-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் ஏறத்தாழ ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். குறைகள் என்று கண்டவற்றுள் பல மதுவாலும் புகையிலையாலும் வறுமையாலும் நேர்ந்திருக்கலாம் என்றது அக்கட்டுரை. இதற்கு மறுமொழியாக, எலிக்கு வறுமை ஏது, எலி மது அருந்துமா, ஆகவே அதன் குட்டியின் மூளையில் தோன்றும் விகாரம் கொக்கேயினால் மட்டுமே வந்தது என்று விலங்குப் பரிசோதனைகளைப் பிரமாணமாகக் காட்டி வாதிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த வாதம் என்னை ஒருபோதும் வசப்படுத்தியதில்லை.

அப்பரிசோதனைகளால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. கர்ப்பமுற்ற முயல்களுக்குச் சிரை வழியே சிறிதளவு கொக்கேயினைச் செலுத்திய பாட் லெவிட் முதலியோர், குட்டிகளின் மூளையில் டோபமீன் டி1 ஏற்பி தன் ஜி புரதத்தோடு இணைந்து தொழிற்படும் திறனை இழப்பதையும், நரம்பணுக்களின் கிளைகள் அளவு மீறி நீள்வதையும் கண்டறிந்தார்கள். மைக்கேல் லிடோவின் குரங்குக் குட்டிகளில் பெருமூளைப் புறணியின் அடுக்குகளே குலைந்திருந்தன. இவை மனிதரிடம் நேரில் ஆராய இயலாத நுட்பங்கள். நிற்க.

நெடுங்காலமாக என் மனத்தை உறுத்தி வரும் ஆட்சேபம் வேறு. எலிப் பரிசோதனைகள் பலவற்றில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற அளவில், கர்ப்பத்தின் எட்டாம் நாளிலிருந்து இருபதாம் நாள் வரை, தோலுக்கடியில் ஊசி போடுகிறார்கள். இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ஊசி பட்ட இடத்துத் தோல் கருகிப் புண்ணாகிறது, எலியோ தீனியைக் குறைத்துக்கொள்கிறது. பசியும் வலியும் இவ்வாறு கூண்டுக்குள்ளேயே வந்து சேர்கின்றன. மருந்து ஏற்றப்படுவது தாய்க்கு. அவள் ஈனும் பத்துப் பன்னிரண்டு குட்டிகளும் ஒரே கருப்பையில் வளர்ந்து, ஒரே தாயின் பசியையும் கலக்கத்தையும் பகிர்ந்துகொண்டு, மாற்றுத்தாயிடம் விடப்படாவிட்டால் அவளுடைய பாலையே குடித்து வளர்பவை. அப்படியிருக்க, மருந்து பெற்ற தாய்கள் ஆறு, பெறாத தாய்கள் ஆறு என்று வைத்துக்கொண்டால், பரிசோதனையின் எண்ணிக்கை பன்னிரண்டேயன்றி நூற்றிருபது அன்று. குட்டிகளையெல்லாம் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணுவது, ஒரே வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேரிடம் அரிசி விலையை விசாரித்துவிட்டு, பத்து வீடுகளில் விசாரித்ததாக எழுதி வைப்பதற்கு ஒப்பாகும்.

இதனால் விளைவது சில்லறைப் பிழையன்று. ஒரு தாய் இயல்பிலேயே மெலிந்தவளாகவோ குட்டிகளைச் சரிவரப் பேணாதவளாகவோ அமைந்துவிட்டால், அவளுடைய குட்டிகள் அனைத்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இல்லாத வேற்றுமையை இருப்பதாகக் காட்டிவிடும். ஹோல்சனும் பியர்ஸும் 1992-லேயே இதை ஐயத்துக்கு இடமின்றி விளக்கி எச்சரித்தார்கள். ஓர் ஈற்றிலிருந்து ஒரு குட்டியையே எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிக்கூடங்களும் உண்டு. அவற்றுக்கு என் வணக்கம். ஆயினும் எச்சரிக்கை எவ்வளவு தூரம் சென்று சேர்ந்தது? கர்ப்பிணி விலங்குக்கு வால்ப்ரோயிக் அமிலம் கொடுத்துக் குட்டிகளை ஆராயும், இதே அமைப்புள்ள 34 ஆய்வுகளை 2013-இல் பரிசீலித்தபோது, தாயே கணக்கின் அலகு என்பதை உணர்ந்திருந்தவை மூன்றுதாம். வெறும் கவனக்குறைவு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறிய எண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை இழக்க விரும்பாத சோம்பல் என்றே சொல்வேன்.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. தென் கரோலைனா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், கருப்பைக்கு வெளியே பிழைக்கக்கூடிய நிலையை எட்டிய சிசுவும் சட்டப்படி குழந்தையே என்று 1997-இல் தீர்ப்பளித்து, கொக்கேயின் உட்கொண்ட ஒரு தாயின் தண்டனையை நிலைநிறுத்தியது. குற்றம் சுமத்தும்போது தாயைத் தவிர வேறெவரையும் காணாத அதே விவகாரத்தில், விஞ்ஞானத்தின் அட்டவணையில் மட்டும் தாய் மறைந்துபோகிறாள்.

ஆகவே, கருவில் கொக்கேயின் பட்ட குட்டியின் மூளையைப் பற்றிய எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும், வாசகர்கள் முதலில் தேட வேண்டியது தாய்களின் எண்ணிக்கையை. அது கொடுக்கப்படாத கட்டுரை எத்தனை வண்ணப் படங்களோடு வந்தாலும் பிரமாணமாகாது.