கிழிந்த ஆடையும் கீறிய சுருளும்

விவிலியத்தில் மனந்திரும்புதலை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அழுகைக் காட்சிகளையே தேடிச் செல்வர். யாம் ஈண்டு எடுத்துக்கொள்வது கண்ணீர் வெளிப்படாத ஒரு காட்சி.

யூதாவின் அரசன் யோசியா ஆட்சியேற்ற 18ஆம் ஆண்டில், கி.மு. 622ஐ ஒட்டி, கோயிலைப் பழுதுபார்க்குங்கால் திருச்சட்ட நூலொன்று அகப்பட்டது. எழுத்தன் சாப்பான் படிக்க, மன்னன் தன் ஆடையைக் கிழித்துக்கொண்டான். ஆசிரியர் கூறுவது அவ்வளவே. அவன் அழுதமையை உல்தாள் என்னும் பெண் உரைத்த இறைவாக்கினாலேயே பின்னர் அறிகின்றோம்.

இதன் மறுதலை எரேமியா நூலின் 36ஆம் இயலில் உளது. யோசியாவின் மகன் யோயாக்கீம் குளிர்கால மாளிகையில் கணப்பின்முன் அமர்ந்துள்ளான். யெகுதி மூன்று நான்கு பத்திகள் படிக்குந்தோறும் சுருளைக் கத்தியாற் கீறித் தீயிலிடுகின்றான். தடுத்தவருள் ஒருவன் சாப்பானின் மகன் கெமரியா என்பது கருதத்தக்கது. ஒருவரும் ஆடை கிழித்திலர் என ஆசிரியர் எடுத்துரைத்ததும் வாளா அன்று. எபிரேயத்தில் ஆடையைக் கிழித்தற்கும் சுருளைக் கீறுதற்கும் வினைச்சொல் ஒன்றே. படித்தலைக் குறிக்கும் வினையோ ஈற்றுமெய் ஒன்றினாலேயே அதனின் வேறுபடும். நூலைக் கேட்டவன் தன்னைக் கிழித்தல் வேண்டும். இன்றேல் நூலைக் கிழிப்பான் என்பது சொல்லமைதியிலேயே பொதிந்து கிடக்கின்றது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஆடையைக் கிழித்தும் சுருளை அறுத்தும் கூறுதலின் இத்தொடர்பு புலப்படவில்லை. 'கீறுதல்' இரண்டற்கும் பொருந்துமே!

யோசியாவின் அழுகையைத் தொல்காப்பியர் கூறும் இளிவு முதலிய நான்கனுள் எதன்கண் அடக்குவது? இளிவு எனின், அவனை இகழ்ந்தார் யாருமிலர். முன்னோர் பிழையைத் தன் பிழையாக ஏற்றுத் தானே தன்னைத் தாழ்த்தினான். பிறரால் எய்தும் இளிவின் இது வேறு என்பதே எம் கருத்து.

இனி, அத்தாழ்மையால் அவன் பெற்றது யாது? நாட்டிற்கு வரும் அழிவு நீங்காது என்றே உல்தாள் உரைத்தாள். அவன் மட்டும் அமைதியிற் கல்லறை சேர்வான் என்றாள். அவனோ கி.மு. 609இல் மெகிதோவில் பார்வோன் நேகோவின் கையில் மாண்டான். நகரின் வீழ்ச்சியைக் காணாமையே அவ்வமைதி என உரையாளர் சிலர் அமைதி கூறுவர். எமக்கு அது வலிந்து கொண்ட பொருளாகவே தோன்றுகின்றது. கூலி நோக்கிய வருத்தமாயின் அவன் உல்தாளின் விடை கேட்ட அன்றே நூலை மூடியிருப்பான். அவனோ அழிவு நீங்காதென அறிந்த பின்னரும் மக்களனைவரையும் கூட்டி அந்நூலை அவர் செவிகேட்கப் படித்தான்.

மகன் எரித்த சுருளும் அழிந்திலது. எரேமியா மீண்டும் சொல்லப் பாருக்கு வேறொரு சுருளில் எழுதினான். முன்னதில் இல்லாத சொற்களும் அதிற் பல சேர்ந்தன.