முதலீடு என்னும் விருந்தாளி

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு ‘சோஷலிச பாணிச் சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டது. அறுபதுகளில் அங்கே டாங்கித் தொழிற்சாலை வந்தது. பக்கத்திலேயே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. அன்றைய சொல்லாடலில் அரசு ஒரு முதலாளி. குறைந்தபட்சம், பட்டறைக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர். இன்றோ வாசலில் நின்று விருந்தாளியைக் கூப்பிடுகிறது. ‘முதலீட்டை ஈர்த்தல்’ என்ற தொடரில் வருகிற பணம் மட்டும்தான் தெரிகிறது. நாம் கொடுக்கும் நிலம், நீர், வரிச்சலுகை எதற்கும் அதில் இடமில்லை.

பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது? 2005இல் நோக்கியாவோடு ஒப்பந்தம், சிப்காட் நிலம், 2006இல் உற்பத்தி. வேலை செய்தவர்களில் கணிசமானோர் இளம்பெண்கள். நடுவே வரித் தகராறு. 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. விருந்தாளி போய்விட்டார், விருந்து வைத்தவர்கள் தெருவில்.

“அப்ப ஃபேக்டரியே வேணாங்கிறியா?” என்று லேத் பட்டறை நண்பர் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2024 ஜனவரி முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு என்றார்கள். யாருக்கும் யாருக்குமான புரிந்துணர்வு? வேலை நிரந்தரமா கான்ட்ராக்டா, சங்கம் வைக்கலாமா, மூடினால் யார் பொறுப்பு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்படுகிறவரை, ‘வேலைவாய்ப்பு’ என்பதில் வாய்ப்பு அவர்களுக்கு. வேலை மட்டும்தான் நமக்கு, அதுவும் இருக்கிற வரைக்கும்.