லாக்பாக்ஸ் மதிப்புரைகளில் விடுபட்ட ஆள்

போன வருஷம் என் அலுவலக நண்பர் ஒருவர் கைத்துப்பாக்கி வாங்கினார். மிச்சிகனில், ஓக்லண்ட் கவுண்டியில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷத் தூரத்தில் இருக்கிறார். வாங்கியது சரியா தப்பா என்று நாங்கள் இருவரும் போதுமான அளவு சண்டை போட்டாச்சு, அதை இங்கே இழுக்கவில்லை. அவர் என்னிடம் கேட்டது வேறு. "நீங்கதான் பூட்டு சாவின்னு எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பீங்களே, சின்னதா நல்ல லாக்பாக்ஸ் ஒண்ணு சொல்லுங்க." அவர் மகளுக்கு ஏழு வயசு. அதனால் மூன்று வாரக் கடைசிகள் உட்கார்ந்து மதிப்புரைகளைப் படித்தேன், வீடியோக்களைப் பார்த்தேன். இந்தக் குறிப்பு அந்த மதிப்புரைகளின் மேல் எனக்குள்ள புகார்.

நான் பார்த்த மதிப்புரைகள் அநேகமாக எல்லாமே ஒரே ராத்திரியில் நடக்கின்றன. கண்ணாடி உடையும் சத்தம், இருட்டு, கட்டிலிலிருந்து நீளும் கை. பெட்டி ஒன்றரை விநாடியில் திறந்ததா, மூன்று விநாடியா என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்கிறார்கள். அப்புறம் ஒருத்தர் கடப்பாரையோடு வந்து நெம்புவார். 18 கேஜ் தகடு, அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர், வளைகிறது. 16 கேஜ், சுமார் 1.5 மில்லிமீட்டர், கொஞ்சம் தாங்குகிறது. ஆக, நாடகத்தில் இரண்டே பாத்திரங்கள்: அவசரத்தில் இருக்கும் சொந்தக்காரர், கடப்பாரை வைத்திருக்கும் திருடன். சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் தனியாக, எந்த அவசரமும் இல்லாமல், இரண்டு மணி நேரம் கையில் வைத்திருக்கும் ஒரு பிள்ளை இந்த நாடகத்திலேயே கிடையாது.

வேகத்தை நான் கேலி செய்யவில்லை. திறக்கச் சிரமமான பெட்டியை மனுஷன் பூட்டவே மாட்டான், மேசை டிராயரில் அப்படியே போட்டுவிடுவான் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் அது பூட்டுவதை எளிதாக்கச் சொல்லும் வாதம். கண்ட விரலுக்கும் திறந்துகொள்ளும் பெட்டியை அது நியாயப்படுத்தாது.

பெற்றோர் வழக்கமாகச் சொல்லும் பதில், "அது எங்க இருக்குன்னு குழந்தைக்கே தெரியாது." நண்பரின் மனைவியும் என்னிடம் இதையேதான் சொன்னார். அலபாமாவின் கிராமப்புறத்தில் பாக்ஸ்லி, மில்லர் என்ற இருவர் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்டு 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிள்ளைக்கு இடம் தெரியாது என்று சொன்ன பெற்றோரின் பிள்ளைகளில் 39 சதவீதம் பேருக்கு இடம் தெரிந்திருந்தது. என் பிள்ளை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்று சொன்ன பெற்றோரில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள், தொட்டிருக்கிறோம் என்றார்கள். நம் வீட்டில் அலமாரிக்கு மேலே ஒளித்து வைத்த முறுக்கு டப்பாவை நாமெல்லாம் எத்தனை நாளில் கண்டுபிடித்தோம்? அதே கணக்குதான்.

இனி பெட்டிகள் தோற்ற கதைகள். 2012 டெஃப்கான் மாநாட்டில் மார்க் வெபர் டோபியாஸ் என்ற பூட்டு ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் கடையில் விற்ற சிறு பெட்டிகளைத் திறந்து காட்டினார்கள். பேப்பர் கிளிப், உறிஞ்சுகுழல் மாதிரி வீட்டுச் சாமான்களே போதுமாக இருந்தது. சில பெட்டிகளைச் சில அங்குலம் தூக்கிப் போட்டாலே திறந்துகொண்டன. காரணம் எளிமையானது. விலை குறைந்த மின்னணுப் பூட்டுகளில் ஒரு சோலனாய்டின் சிறு கம்பிதான் தாழ்ப்பாள் நகராமல் தடுக்கிறது. அந்தக் கம்பியைப் பிடித்து வைத்திருப்பது மெல்லிய ஸ்பிரிங். பெட்டி அதிர்ந்தால் கம்பி ஒரு கணம் குதிக்கும், அந்தக் கணத்தில் தாழ்ப்பாள் நகர்ந்துவிடும். இதற்குக் கடப்பாரை வேண்டாம், வலுவும் வேண்டாம். குலுக்கிப் பார்க்கும் ஆசை இருந்தால் போதும், அந்த ஆசை எந்த வயசில் அதிகம் என்று நமக்குத் தெரியும். அவர்கள் ஆராய்ச்சிக்குப் பின்னால், வாஷிங்டன் மாநிலத்தில் 2010-ல் மூன்று வயசுப் பையன் ஒருவன் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்த வழக்கு இருந்தது.

இரண்டாவது, விரல்ரேகைப் பெட்டிகள். 2023 அக்டோபரில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரே நிறுவனத்தின் சுமார் 61,000 பெட்டிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. அவற்றைப் பற்றி 39 புகார்கள் வந்திருந்தன. 12 வயசுப் பையன் ஒருவன் இறந்திருந்தான். 2024 பிப்ரவரியில் வேறு சில நிறுவனங்களின் பெட்டிகளுக்கும் இதே மாதிரி அறிவிப்பு வந்தது. குறை என்ன தெரியுமா? விரல்ரேகை சரியாகப் பதிவாகும்வரை யார் விரல் வைத்தாலும் பெட்டி திறக்கும். வாங்கினவர் தன் விரலைப் பதிவு செய்துவிட்டதாக நினைத்து வைத்துப் பார்க்கிறார், திறக்கிறது, திருப்தி. பதிவே ஆகவில்லை என்பது அவருக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் பதிவாகியிருந்தாலும் அவர் விரலுக்குத் திறக்கத்தானே செய்யும்! என்னைக் கேட்டால் இதைக் கோளாறு என்று சொல்வதே தாராளம். தெரியாத நிலையில் திறந்துகொள் என்று யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். விரல்ரேகைப் பெட்டிகளைப் பற்றி நான் படித்த எந்த மதிப்புரையிலும் எழுதினவர் அடுத்தவர் விரலை வைத்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது எங்கள் கவுண்டியிலேயே நடந்தது. 2021 நவம்பர் 30-ல் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயசு மாணவன் நாலு பேரைச் சுட்டுக் கொன்றான். நாலே நாள் முன்னால் அவன் தந்தை வாங்கிய துப்பாக்கி. அதை ஒளித்துத்தான் வைத்திருந்தேன் என்றார் தந்தை. துப்பாக்கியோடு வந்த கேபிள் பூட்டு உறை பிரிக்காமல் கிடந்தது. வீட்டில் பாதுகாப்புப் பெட்டி ஒன்றும் இருந்தது, அதன் எண் தொழிற்சாலையில் வைத்த 0-0-0 ஆகவே இருந்தது என்று நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. 2024-ல் பெற்றோர் இருவருக்கும் 10 முதல் 15 வருஷம் சிறை. அந்த வருஷம் பிப்ரவரி 13 முதல் மிச்சிகனில், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது சட்டப்படி கட்டாயம். நண்பர் பெட்டி தேடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தரச்சான்றிதழ் பார்த்து வாங்கலாமே என்று கேட்பீர்கள். அடிக்கடி கண்ணில் படும் யூ.எல். குடியிருப்புப் பாதுகாப்புப் பெட்டிச் சான்று, சுத்தியல், திருப்புளி, நெம்புகோல் மாதிரி கைக்கருவிகளை 5 நிமிஷம் தாங்குமா என்று பார்ப்பது. அதுவும் திருடனை நினைத்து எழுதினதுதான்.

கடைசியில் நான் சொன்னது பேட்டரியே இல்லாத, ஐந்து பித்தான் இயந்திரப் பூட்டு உள்ள பெட்டி. ஒரு பித்தானை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம், இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் சேர்த்தும் அழுத்தலாம். கணக்குப் போட்டால் 1,082 சேர்க்கைகள் வரும். அது பெரிய எண் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பொறுமையுள்ள பதினைந்து வயசுக்காரன் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடுவான். அதனால் பிள்ளை வளர வளர இந்தப் பெட்டி போதும் என்ற எண்ணத்தையும் மறுபடி பார்க்கணும். பதின்ம வயசில் விபத்தைவிடத் தற்கொலைதான் பெரிய பயம். குண்டுகளைத் தனியே, வேறு பூட்டில் வைக்கச் சொன்னேன். பூட்டி வைத்தது, குண்டு நீக்கி வைத்தது, குண்டைத் தனியே வைத்தது, குண்டையும் பூட்டியது என்று ஒவ்வொரு பழக்கமும் தனித்தனியாகவே குறைந்த ஆபத்தோடு சேர்ந்து வருவதை 2005-ல் ஜாமா இதழில் கிராஸ்மன் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். "அப்ப ராத்திரி அவசரத்துக்கு?" என்றார் நண்பர். அவர் வீட்டில் அந்த ராத்திரி இதுவரை வந்ததில்லை, சனிக்கிழமை வாரா வாரம் வருது என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கிப்போச்சு.

பெட்டி வந்த அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போனேன். துப்பாக்கியை வெளியே எடுத்துவிட்டு, ஏறக்குறைய அதே எடையுள்ள இரண்டு பவுண்டு துவரம்பருப்புப் பாக்கெட்டை உள்ளே வைத்துப் பூட்டி, குலுக்கினோம், கட்டில் உயரத்திலிருந்து மெத்தையில் போட்டோம், பிறகு தரையில் போட்டோம். திறக்கவில்லை. அப்புறம் அலமாரித் தளத்தோடு போல்ட் போட்டு முடுக்கினோம். தூக்க முடியாத பெட்டியைக் குலுக்கவும் முடியாது.

அதுவரைக்கும் துப்பாக்கி இருந்தது அவசரத்துக்கு வாங்கிய ஒரு மின்னணுப் பெட்டியில். அதையும் அதே பருப்பை வைத்துச் சோதிக்கலாம் என்று நண்பர் எண்ணை அழுத்தினார். பக்கத்து அறையிலிருந்து மகள் ராகம் போட்டாள்: "பீ பீ பூ பீ, அப்பா பாக்ஸ்!" யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளாகவே. எண்ணும் அவளுக்குத் தெரியும். கராஜ் கதவுக்கும் அதே எண்தான், அவள் பிறந்த தேதி. நண்பரின் மனைவி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்தப் பழைய பெட்டியில் இப்போது பாஸ்போர்ட்டுகள் இருக்கின்றன. மின்னணுப் பெட்டிதான் வேண்டும் என்பவர்கள் பித்தான் சத்தத்தை முதலில் அணைத்துவிடுங்கள். கடிகாரத்தை மாற்றும் நாட்களில், வருஷத்துக்கு இரண்டு தடவை, பேட்டரியை மாற்றுங்கள். மாற்றின கையோடு தப்பான எண்ணையும் பதிவாகாத விரலையும் வைத்துத் திறக்கிறதா பாருங்கள். மாற்றுச் சாவி அதே அறையில் வேண்டாம்.

இயந்திரப் பூட்டுக்கு இவ்வளவு வேலை இல்லை, ஆனால் ஈரம் யாரையும் விடாது. ஆறு மாசம் கழித்துப் பார்த்தால் துப்பாக்கியின் ஒரு பக்கம், அடியில் இருந்த ஸ்பாஞ்சில் பட்ட இடத்தில் மட்டும், லேசாகத் துரு. மிச்சிகன் கோடையின் ஈரத்தை அந்த ஸ்பாஞ்சு குடித்து வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டோம். பூட்டுக்குள் எண்ணெய் பீய்ச்சப் போனவரைத் தடுத்தேன், பிசுக்கு தூசியைப் பிடித்துக்கொண்டு பித்தான் சிக்கும். துவரம்பருப்பு பாக்கெட்டை மறுபடி கொண்டு வரச் சொன்னேன். அது போன மாசமே சாம்பாருக்குப் போயிருந்தது, கடலைப்பருப்பு வந்தது.