கண்டவர் யார்?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் பழவேற்காடு ஏரியைப் பற்றிய கட்டுரைகள் தலைகாட்டத் தொடங்கும். நாம் பல ஆண்டுகளாக இவற்றை விடாது படித்து வருகின்றோம். திருவள்ளூர் மாவட்டத்துக்கே உரிய ஓர் இலக்கிய வகை என்றுகூட இவற்றைச் சொல்லலாம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளில் தொடங்கி, பொன்னேரி வழியாக ஏரிக்கரைக்கு வந்து, டச்சுக்காரர் கல்லறைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இறுதியில் சைபீரியாவிலிருந்து பல்லாயிரம் மைல் பறந்துவரும் பூநாரைகளிடம் போய் நிற்பது இவற்றின் இலக்கணம். நடை சில வேளைகளில் அழகாகவே இருக்கும். ஆனால் பூநாரை சைபீரியாவிலிருந்து வருகின்றது என்னும் செய்தியைத் தாம் எவரிடமிருந்து பெற்றோம் என்று இவற்றை எழுதுவோர் சொல்வதில்லை. நாம் இங்கு ஆராயப் புகுவது அதனைத்தான்.

பழவேற்காட்டில் நாம் காணும் பெரிய பூநாரை சைபீரியாவில் கூடு கட்டும் பறவையன்று. உவர்நீர்ப் பரப்பிலே சேற்றைக் குவித்துச் சிறு மேடையாக்கி, அதன்மேல் முட்டையிடுவது அதன் வழக்கம். நம் நாட்டில் அதற்குப் பேர்போன இடம் குஜராத்திலுள்ள கச்சுப் பெரும் உவர்நிலம். பறவையறிஞர் சாலிம் அலீ 1945ஆம் ஆண்டில் அங்கு சென்று, ஏறக்குறைய 5 இலட்சம் பூநாரைகள் இருக்கக்கூடும் என மதிப்பிட்டார். அங்கிருந்து பழவேற்காடு நேர்க்கோட்டில் சுமார் 1500 கிலோமீட்டர். ஈரான் நாட்டு உர்மியா ஏரியில் காலில் வளையமிடப்பட்ட பூநாரைகள் இந்தியத் துணைக்கண்டத்தில் கிடைத்ததும் உண்டு. ஆகவே மேற்கிலிருந்தும் சில வரக்கூடும். சைபீரியாவுக்கு மட்டும் இதில் இடமில்லை.

வாத்துகளின் கதை வேறு. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வடக்கே வெகு தொலைவில் கூடு கட்டுபவை. இராஜஸ்தானத்துப் பரத்பூரில் வளையமிடப்பட்ட வாத்துகள் சைபீரியாவில் அகப்பட்டிருக்கின்றன. அப்பரத்பூருக்கே முன்னாளில் சைபீரியக் கொக்கு வந்துகொண்டிருந்தது. 2002ஆம் ஆண்டுக்குப் பின் அது அங்கு வரவில்லை. அக்கொக்கின் புகழைத்தான் நம் கட்டுரையாளர்கள் எடுத்துப் பூநாரையின் தலையில் சூட்டிவிட்டார்களோ என்பது நமது ஐயம். கண்ணைப் பறிக்கும் பறவை பூநாரை. வெகு தொலைவிலிருந்து வருவது நிறம் மங்கிய வாத்தும் உள்ளானும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் கட்டுரைக்கு அழகு கூடுமன்றோ!

பிறை பார்த்தல் என்பது நம் வீடுகளில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த விஷயம். "பிறை கண்டேன்" என்று ஒருவர் வந்து சொன்னால் பள்ளியில் உள்ளோர் உடனே தக்பீர் முழங்கிவிடுவதில்லை. எங்கே கண்டீர், எந்நேரத்தில் கண்டீர், கொம்புகள் எப்பக்கம் நோக்கின, உம்முடன் வேறு யார் கண்டார் என்று கேட்பார்கள். சொன்னவர் நேர்மையாளரா என்றும் நோக்குவார்கள். ரமளான் பிறைக்கு நேர்மையாளர் ஒருவரின் சாட்சியம் போதும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. வானம் தெளிவாயிருந்தால் பெருங்கூட்டம் கண்டிருக்க வேண்டும், மேகம் மூடியிருந்தால் ஒருவர் போதும் என்பது ஹனஃபி மத்ஹபு. பார்வையின் நிலைமைக்கேற்ப சாட்சியத்தின் அளவு மாறுகின்றது பாருங்கள்! ஹதீஸ் கலையில் ஸனதையும் ராவியையும் எடைபோடும் முறையும் இதன் உறவினதே. இத்தனை நுட்பமான அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் நாம், பறவை பற்றிய செய்தி என்றதும் அதனை மூலையில் வைத்துவிடுகின்றோம்.

நம் பழைய நூல்கள் எல்லாம் இதில் ஒரே தரத்தன என்றும் சொல்வதற்கில்லை. மத்ரஸாக்களில் பெரிதும் பேசப்படுவது தமீரீ (இறப்பு 1405) எழுதிய 'ஹயாத்துல் ஹயவான்'. அகரவரிசையில் உயிரினங்களை அடுக்கி, இலக்கணம், சட்டம், மருந்து, கனவுப் பலன் அனைத்தையும் ஓரிடத்தில் குவித்த களஞ்சியம் அது. ஆனால் அதில் கண்டதும் கேட்டதும் கலந்து கிடக்கும். அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் பஸராவில் வாழ்ந்த ஜாஹிள் (இறப்பு 869) தமது 'கிதாபுல் ஹயவா'னில் அரிஸ்டாட்டிலின் கூற்றையே ஐயுறுகின்றார். மீன்பிடிப்போரையும் மாலுமிகளையும் வினவுகின்றார். அவர்கள் கூற்றையும் அப்படியே விழுங்கிவிடுவதில்லை. விமர்சனப் புலமையில் தமீரீயைவிட ஜாஹிளே நமக்கு ஆசான் என்போம்.

பருவத்தில் வந்து பருவத்தில் போகும் பறவைக்கு அரபியர் 'கவாத்திஃ' என்றும், ஆண்டு முழுதும் ஓரிடத்தில் தங்குவதற்கு 'அவாபித்' என்றும் தனித்தனிப் பெயர் வைத்தனர். தமிழில் குறுந்தொகைப் புலவர் 'வம்ப நாரை' என்கின்றார். வம்ப என்றால் புதிதாய் வந்த என்பது பொருள். இரு மொழியாரும் கண்ணால் கண்டு வைத்த பெயர்கள் இவை.

கண்டு சொல்வதற்குத் தமிழில் நாம் காட்டும் முதற்சான்று சத்திமுற்றப் புலவரின் நாரை விடு தூது. வறுமையால் ஊரைவிட்டு மதுரைக்கு வந்து குளிரில் நடுங்கிய புலவர், மேலே சென்ற நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பிய அப்பாட்டை அறியாத தமிழர் குறைவு. உரை சொல்வோர் பலரும் நாரையின் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை காட்டிய நயத்தோடு நின்றுவிடுகின்றனர். பாண்டியன் ஒளிந்திருந்து கேட்ட கதையையும் சேர்த்துக்கொள்வர். கதை கிடக்கட்டும். பாட்டில் உள்ள சாட்சியத்தைப் பாருங்கள். கால் சிவப்பு, அலகு பவள நிறம், இணையாய்ச் செல்வது, தெற்கே குமரி வரை போய் வடக்கே திரும்புவது. நம் நாட்டிலேயே தங்கிக் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரைக்கு இந்த அலகு நிறம் பொருந்தாது. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடு கட்டி, குளிர்காலத்தில் இந்தியா வரும் வெண்ணிற நாரைக்கே இவையனைத்தும் பொருந்துகின்றன.

இதனினும் நம்மை வியக்கவைப்பது வேறொன்று. அந்நாரை எந்த நாட்டுக்குப் போகின்றது என்று புலவர் சொல்லவில்லை. வடதிசை என்றதோடு நிறுத்திக்கொண்டார். இமயம் என்றோ கயிலை என்றோ ஒரு சொல்லைச் சேர்ப்பது அவருக்கு எத்தனை எளிது! கண் எட்டிய தொலைவு வரைதான் அவர் சொல் சென்றது. சைபீரியா என்று எழுதும் இக்காலப் பேனா இந்த அடக்கத்தை அவரிடம் கற்க வேண்டும்.

இன்றைய பறவை ஆர்வலர் நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து எழுதும் பட்டியல்களை இலக்கியம் என்று கொள்வார் இல்லை. நமக்கோ அவ்வறண்ட வரிகள் நாளிதழ்க் கட்டுரைகளைவிட இனிக்கின்றன. ஏனெனில் அவற்றில் ராவி இருக்கின்றார். ஆயினும் அவற்றிலும் குறை உண்டு. பழவேற்காடு ஏரி இரு மாநிலங்களுக்கு உரியது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கின்றது. தென்பகுதியே பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களைச் சார்ந்தது. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை ஏரியை ஊடறுத்துச் செல்கின்றது. அச்சாலையில் நின்று ஒருவர் எண்ணிய கூட்டத்தையே மூன்று நாள் கழித்து அண்ணாமலைச்சேரியில் மற்றொருவர் எண்ணக்கூடும். இருவரும் பொய்யர் அல்லர். ஆனால் இரண்டையும் கூட்டி "பழவேற்காட்டில் இத்தனை ஆயிரம்" என்று எழுதுபவர் பிழை செய்தவராகின்றார். 1987 முதல் ஆசிய நாடுகளில் ஒவ்வொரு சனவரியிலும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் ஏற்பட்டிருப்பது இத்தகைய குழப்பத்தைக் குறைப்பதற்கே.

மாதமும் முக்கியம். உள்ளான் இனங்கள் ஆவணியிலேயே வரத் தொடங்கும். வாத்துகள் ஐப்பசி, கார்த்திகையில். பூநாரைக்கு நீரின் ஆழமே கணக்கு. அது நின்று, தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டி உண்பது. வடகிழக்குப் பருவமழை மிகுந்து ஏரி நிரம்பிவிட்டால் ஆழம் வடியும் வரை அது விலகி நிற்கும். பெருங்கூட்டம் தை, மாசியில்தான் தெரியும். முகத்துவாரம் மணலால் அடைபட்டாலும் திறந்தாலும் நீரின் உவர்ப்பும் மட்டமும் மாறும்; பறவையின் இருப்பும் மாறும்.

இதையெல்லாம் நாம் இத்தனை வற்புறுத்துவது வீண் புலமைக்காக அன்று. ஏரிக்குத் தெற்கே அனல்மின் நிலையமும் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் வந்துவிட்டன. காட்டுப்பள்ளி விரிவாக்கம் குறித்து 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த மக்கள் கருத்துக் கேட்பு ஒத்திவைக்கப்பட்டது. இத்தகைய கேட்புகளில் பறவைப் பட்டியலும் ஒரு சாட்சி. ஒருவர் வைகாசி வெயிலில் வந்து கரையைப் பார்த்துவிட்டு "குறிப்பிடத்தக்க பறவை எதுவும் இல்லை" என்று அறிக்கை எழுதினால், காணாமை என்பது இல்லாமைக்கு ஆதாரம் ஆகாது என்னும் நம் உஸூல் விதியை எடுத்துக்காட்டி மறுக்கலாம். அதற்கு மாறாக, ஏரியைக் காக்க விழையும் நல்லவர் தம் மனுவிலே சைபீரியப் பூநாரை என்று எழுதிவிட்டாரானால் என்னாகும்? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மனு முழுவதையும் தள்ளச் சொல்வார். ஓரிடத்தில் தவறிய ராவியின் மற்ற அறிவிப்புகளும் ஐயத்துக்குள்ளாகும் அல்லவா? பறவைக்கும், வலையை நம்பி வாழும் மீனவர்க்கும் அதனால் நேரும் இழப்பை அலங்காரச் சொல்லால் ஈடுசெய்ய முடியாது.

மீனவரைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகின்றோம். நாம் படித்த கட்டுரைகளில் மீனவர் படகோட்டியாக வருகின்றார், படத்தில் வலையோடு நிற்கின்றார்; சாட்சியாக வருவது அரிது. ஏரியில் எப்போது எவ்விடத்தில் எத்தனை முழம் நீர் நின்றது என்று நாள்தோறும் அறிந்தவர் அவரே. ஜாஹிள் பஸராவில் மீன்பிடிப்போரைத் தேடிப் போய்க் கேட்டதை நம் எழுத்தாளர் இங்கே செய்யலாம். பழவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நம் மக்களின் வீடுகளில் பழைய கணக்குப் புத்தகங்களும் அரபுத்தமிழில் எழுதிய நாட்குறிப்புகளும் இருக்குமாயின், கறையானுக்குக் கொடுத்துவிடாமல் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். முகத்துவாரம் அடைத்த நாள், திறந்த நாள், பூநாரை இறங்கிய நாள் என்று ஒரு வரி கிடைத்தாலும், எழுதியவர் பெயரோடும் ஆண்டோடும் படியெடுத்து நமக்கு அனுப்புங்கள்.